அரக்கர் கதையில் ஒரு குடும்பப் பாடம்

“அம்மா, நீயும் வாயேன். நீ நினைக்கிற மாதிரி இது சின்னப் பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படம் இல்லை. வீட்டுல பெரியவங்கதான் பார்க்கணும்” என்று என் மகன் கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எனக்கு வயது நாற்பத்து நாலு. பத்தாவது வரை படித்தவள். விருதுநகரிலிருந்து பஸ் ஏறி மதுரைக்குப் போய், ஜப்பான்காரர்கள் வரைந்த அரக்கர் படத்தைத் தியேட்டரில் உட்கார்ந்து பார்ப்பேன் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் போனேன். ‘டீமன் ஸ்லேயர்’ என்ற அந்தப் படம் 2025 செப்டம்பர் 12-ந் தேதி நம் நாட்டில் வெளியானபோது தமிழிலும் குரல் கொடுத்து வெளியிட்டிருந்தார்கள். இரண்டரை மணி நேரப் படம். முடிந்து வெளியே வந்தபோது என் முந்தானை நனைந்திருந்தது. அன்றைக்கு அழுததற்குப் படம் மட்டும் காரணம் இல்லை, சகோதரிகளே. எங்கள் வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு வழக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்தது.

எங்கள் வீட்டு வழக்கு

என் கணவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அவருடைய அப்பாவும் தாத்தாவும் இதே தொழில்தான். மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என் கணவர், “பரீட்சை முடிஞ்சதும் இவன் என்கூட வரட்டும். முதலாளியும் கேட்டுட்டார். நாலாவது தலைமுறை, நம்ம கையோட தொழில் நிக்கக் கூடாதுல்ல” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் குழம்புக் கரண்டியைத் தரையில் போட்டேன். “என் பிள்ளை அந்த வாசலை மிதிச்சா நான் உயிரோட இருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். மகன் ஒன்றும் பேசவில்லை. தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான்.

நான் இப்படிப் பேசினதுக்குக் காரணம் உண்டு. நான் சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். என் அப்பா மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். நான் பத்தாவது படித்த வருஷம் அந்த அறையில் தீப்பிடித்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இரண்டு கையும் வெந்து, விரல்கள் மடங்கிய மேனிக்கு நின்றுவிட்டன. அதன் பிறகு அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தது நான்தான். என் படிப்பும் அத்தோடு நின்றது.

கரி விற்ற பையனின் கதை

கதையை என் மகள் எனக்கு முன்பே சொல்லிவிட்டாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறவள். நான் பாத்திரம் தேய்க்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அதனால்தான் தியேட்டரில் எனக்கு ஆள் அடையாளம் தெரிந்தது.

கொயொஹாரு கொதோகே என்பவர் 2016 முதல் 2020 வரை ஜப்பானில் ஒரு வாரப் பத்திரிகையில் வரைந்து எழுதிய தொடர்கதை இது. 2019-ல் தொலைக்காட்சித் தொடராக வந்தது. கதை நடக்கிற காலம் சுமார் நூறு வருஷத்துக்கு முந்தி.

தஞ்சிரோ என்று ஒரு பையன். அப்பா நோயில் இறந்துவிட்டார். மலைமேல் அம்மாவோடும் தம்பி தங்கைகளோடும் இருக்கிறான். விறகை எரித்துக் கரியாக்கி ஊருக்குள் கொண்டுபோய் விற்பதுதான் பிழைப்பு. ஒருநாள் பனியில் கரி விற்கப் போனவன், இருட்டிவிட்டதால் வழியில் ஒரு பெரியவர் வீட்டில் தங்குகிறான். விடிந்து வீட்டுக்கு வந்தால் எல்லோரும் இரத்த வெள்ளத்தில் கிடக்கிறார்கள். அரக்கன் வந்து கொன்று போட்டிருக்கிறான். நெசுக்கோ என்ற தங்கை மட்டும் மிச்சம். அவளும் அரக்கனின் இரத்தம் கலந்ததால் மனிதரைத் தின்கிற அரக்கியாக மாறிவிட்டாள்.

அரக்கர்களை வேட்டையாடும் வீரன் ஒருவன் வந்து அவள் தலையை வெட்ட வாளை ஓங்குகிறான். அண்ணன் பனியில் விழுந்து கும்பிடுகிறான். “இவளை விட்டால் நாளைக்கு ஊரைத் தின்பாள்” என்பது வீரனின் நியாயம். “இவள் என் தங்கை” என்பது அண்ணனின் நியாயம். இரண்டுமே நியாயம்தானே? இதைத்தான் நம் பெரியவர்கள் தர்மசங்கடம் என்றார்கள். அண்ணனுக்காக உயிரைக் கொடுத்த கும்பகர்ணனையும் தர்மத்துக்காக அண்ணனை விட்டுப் போன விபீஷணனையும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசு இல்லை.

கடைசியில் அந்த வீரன் வாளை இறக்குகிறான். பசியிலும் அந்தப் பெண் அண்ணனைத் தின்னாமல் அவனைக் காப்பாற்ற நடுவில் வந்து நின்றதுதான் காரணம். அவள் வாயில் ஒரு மூங்கில் துண்டைக் கட்டிவிடுகிறார்கள். அன்று முதல் அண்ணன் அவளைப் பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு, அவளை மறுபடி மனுஷியாக்க வழி தேடிப் போகிறான். அவள் யாரையாவது தின்றுவிட்டால் தாங்களும் உயிரை விட்டுவிடுவோம் என்று அண்ணனுடைய குருவும், முதலில் வாளை இறக்கிய அந்த வீரனும் பிணை நிற்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை மேல் நம்பிக்கை வைப்பது சும்மா வாய்ப்பேச்சு இல்லை என்று இந்த இடத்தில் எனக்குப் பட்டது.

“அம்மா, நம்ம பட்டாசும் நெசுக்கோ மாதிரிதான்” என்றாள் என் மகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். எங்கள் மண் வானம் பார்த்த பூமி. மழை இல்லை, விவசாயம் இல்லை. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து தீப்பெட்டி, பிறகு பட்டாசு, அச்சகம் என்று ஊருக்கே அடுப்பு எரிந்தது. அதே தொழில்தான் ஆளையும் தின்கிறது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். காப்பாற்ற ஓடின ஊர்க்காரர்களும் அதில் உண்டு. வெட்டிப் போடவும் முடியாது, கட்டிப் பிடிக்கவும் பயம். நம் வீட்டுப் பிள்ளையே அரக்கியான கதைதான்.

அந்த மூங்கில் துண்டு எது என்று கேட்டேன். “ஒரு அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், இரும்புச் சாமான் கூடாதுன்னு அப்பா சொல்ற சட்டம் எல்லாம்தான்” என்றான் மகன். அவசரம், ஆசை, தீபாவளி நெருக்கடி என்று அந்த மூங்கிலை அவிழ்க்கிற இடத்தில்தான் சாவு வருகிறது.

நடனத்துக்குள் ஒளிந்திருந்த ரகசியம்

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது தஞ்சிரோவின் அப்பா பாத்திரம். எலும்பும் தோலுமாக இருக்கிற நோயாளி. ஆனால் வருஷப் பிறப்பு ராத்திரி, கொட்டுகிற பனியில், அக்கினிக் கடவுளுக்காகப் பொழுது சாய்ந்தது முதல் விடியும் வரை ஓயாமல் ஆடுவார். அது குடும்ப வழக்கம். இந்த நடனத்தையும் காதில் போட்டிருக்கும் தோட்டையும் விட்டுவிடாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடு என்று மகனிடம் சொல்லிவிட்டுத்தான் கண் மூடுகிறார். எதற்கு என்று அவருக்கும் முழுசாகத் தெரியாது.

எங்கள் ஊர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலில் அக்கினிச்சட்டி எடுப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியில் மெய் சிலிர்க்கும். அப்பனும் பாட்டனும் எடுத்தார்கள், நானும் எடுக்கிறேன் என்பார்கள். வேறு காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

பிற்பாடுதான் விஷயம் தெரிகிறது. பல நூறு வருஷத்துக்கு முன்பு ஒரு மாபெரும் வீரன் இந்தக் கரிக்காரக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறான். அரக்கர்களை வெல்லும் அவனுடைய வாள் வித்தைதான் நடனமாக உருமாறி, வாள் பிடிக்கவே தெரியாத ஏழைகள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தங்கியிருக்கிறது. உயிர் போகிற நேரத்தில் தஞ்சிரோவுக்கு அப்பா ஆடினது ஞாபகம் வருகிறது. அதுவே அவனைக் காப்பாற்றுகிறது.

இதைக் கேட்டதும் நான் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தீபாவளி அன்று எங்களை வெடி போட விடும் முன்பு, தண்ணீரில் கையை நனைத்து, செருப்பில்லாமல் நின்று, தரையைத் தொடச் சொல்வார். நைலான் பாவாடை கட்டக் கூடாது, பருத்திதான் கட்ட வேண்டும். நாங்கள் அதைப் பூமாதேவிக்குக் கும்பிடு என்று நினைத்தோம். கல்யாணத்துக்குப் பிறகு என் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். என் கணவர்தான் ஒருநாள் விளக்கினார். நைலான் துணி உரசினால் உடம்பில் மின்சாரம் சேருமாம். மருந்து அறையில் அந்தச் சின்னப் பொறி ஒன்றே போதுமாம். தரையைத் தொட்டால் அது பூமிக்கு இறங்கிவிடும். அதனால்தான் அறைக்குள் போகும் முன்பு தொழிலாளர்கள் பூமியில் பதித்த தகட்டைத் தொட்டுவிட்டுப் போவதும், பருத்தி உடுத்துவதும்.

அப்பாவுக்கு இந்த மின்சாரக் கணக்கு தெரியாது. யாரோ மூத்த வேலையாள் சொல்லிக் கொடுத்ததை அவர் எங்களுக்குக் கொடுத்தார். அர்த்தம் தெரியாமலே ஒரு உயிர்க்காப்பு எங்கள் குடும்பத்தில் கை மாறி வந்திருக்கிறது. “அதுதாம்மா நம்ம வீட்டுத் தோடு” என்றான் மகன்.

மகன் சம்பாத்தியத்தில் மருந்து

மதுரையில் பார்த்த படத்தில் என்னை அழ வைத்தது அகாசா என்ற அரக்கனின் பழங்கதை. மனிதனாக இருந்த காலத்தில் அவன் ஒரு ஏழைச் சிறுவன். அப்பா படுத்த படுக்கை. மருந்து வாங்கக் காசில்லை. அதனால் ஜேப்படி அடிக்கிறான், பிடிபட்டு அடி வாங்குகிறான், மறுபடியும் திருடுகிறான். தன் மருந்துக்காக மகன் திருடனாவதைத் தாங்க முடியாத அந்தத் தகப்பன், நீயாவது நேர்மையாகப் பிழைத்துக்கொள் என்று எழுதி வைத்துவிட்டு உயிரை விட்டுவிடுகிறார். அந்தச் சாவுதான் பையனின் மனதை இன்னும் முறித்துப் போடுகிறது. தகப்பன் செய்தது சரி என்று நான் சொல்லவே மாட்டேன். பிள்ளைக்குப் பாரமாக இருக்கிறோம் என்று நினைத்து உயிரை விடுவது, அந்தப் பிள்ளை தலையில் ஆயுசுக்கும் இறங்காத பாரத்தை ஏற்றுவதுதான்.

எங்கள் காலத்தில் விடியும் முன்பே பஸ் வந்து கிராமத்துப் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிக்கொண்டு போகும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. அதற்கெல்லாம் முந்தியே என் அப்பா, “எம் புள்ள அந்த பஸ்ஸுல ஏறாது” என்று நின்றுவிட்டார். ஆனால் அவர் கை வெந்த பிறகு, அம்மாவும் நானும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டி, குரோஸ் கணக்கில் கூலி வாங்கித்தான் மருந்து வாங்கினோம். மாத்திரையை வாயில் போட்டால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். “ஒன் கைக்காசு தொண்டையில இறங்கல தாயி” என்பார். அந்த வார்த்தை முப்பது வருஷம் கழித்து ஒரு ஜப்பான் படத்தில் என்னைத் தேடி வந்தது.

நூலால் கட்டிய குடும்பம்

படம் பார்த்து முடிந்த பிறகும் ஒரு அத்தியாயம் என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அது தொலைக்காட்சித் தொடரில் வருவது. ருயி என்ற சிலந்தி அரக்கன் பார்க்கச் சின்னப் பையன். அவனுக்குக் குடும்பம் வேண்டும் என்று ஆசை. மற்ற அரக்கர்களைப் பிடித்து வைத்து, நீ அம்மா, நீ அப்பா, நீ அக்கா என்று பட்டம் கொடுத்து, பயத்தால் ஆட்டி வைக்கிறான். சொன்னபடி நடக்காவிட்டால் சித்திரவதை. இதைத்தான் அவன் பாசம் என்கிறான். தஞ்சிரோ அவனைப் பார்த்து, இது பொய்யான பந்தம் என்று சொல்லிவிடுகிறான்.

“என் பிள்ளை அந்த வாசலை மிதிச்சா நான் உயிரோட இருக்க மாட்டேன்” என்று நான் சொன்னேனே, அது என்ன? பயத்தைக் காட்டிக் கட்டுகிற நூல்தானே? என் கணவர் பரம்பரை என்ற நூலால் ஒரு பக்கம் இழுத்தார். நான் சாவு என்ற நூலால் மறுபக்கம் இழுத்தேன். நடுவில் இருந்த பிள்ளையிடம் உனக்கு என்ன வேணும் என்று ஒரு வார்த்தை இரண்டு பேரும் கேட்கவில்லை.

இதே கதையில் ரெங்கோக்கு என்று ஒரு வீரர் குடும்பமும் வருகிறது. பரம்பரை பரம்பரையாக வாள்தான். அம்மா இறந்த பிறகு அப்பா குடித்துவிட்டுக் கிடக்கிறார். மூத்த மகன் குடும்பப் பேரைக் காப்பாற்றிப் போரில் சாகிறான். சாகும்போது தம்பிக்கு அவன் சொல்லி அனுப்பும் செய்தி, உன் மனசு காட்டுகிற வழியில் நட என்பதுதான். என் இடத்துக்கு நீ வா என்று கட்டாயம் இல்லை. தம்பிக்கு வாள் கைகூடவில்லை. அவன் வாளை வைத்துவிட்டு, மக்களுக்கு வேறு வழியில் உதவுவேன் என்கிறான். அதனால் அந்தக் குடும்பத்துக்கு என்ன குறை வந்துவிட்டது?

பஸ்ஸில் நடந்த பேச்சு

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் மகனிடம் கேட்டேன், “ஒனக்கு என்னப்பா வேணும்?” ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “எனக்குப் பட்டாசு பிடிக்கும்மா. ஆனா மருந்து அறைக்குள்ள ஒன்னுமே தெரியாம நிக்கப் பிடிக்கலை. தாத்தா தரையைத் தொடச் சொன்னார், ஏன்னு அவருக்குத் தெரியலை. எனக்கு ஏன்னு தெரியணும். வேதியியல் படிக்கணும்” என்றான்.

நான் சொன்ன ‘வேண்டவே வேண்டாம்’ அவன் மனதில் இல்லை. அவன் அப்பா சொன்ன ‘உடனே வா’வும் இல்லை. இரண்டு பேருக்கும் தோன்றாத மூன்றாவது வழி ஒன்று அவனிடம் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார். “படிச்சிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பானா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, பேரியம் சேர்க்கக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு புது மருந்துக் கலவை புரியாமல் தாங்கள் திண்டாடினதைச் சொன்னார். “படிச்சவன் ஒருத்தன் பக்கத்துல இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்” என்று முணுமுணுத்துக்கொண்டே கை கழுவப் போனார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் சம்மதம் எதிர்பார்க்கக் கூடாது. பரீட்சை முடிந்ததும் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவதாக முடிவு. பிறகு அவன் ஆலைக்குப் போவானா, வேறு எங்காவது போவானா என்பது அவன் பாடு. எனக்குப் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் அந்தப் பயத்தை அவன் கழுத்தில் கட்டித் தொங்கவிடப் போவதில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

இந்தக் கதையை எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. தலை வெட்டுவதும் இரத்தமும் நிறைய உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது, ராத்திரி தூக்கம் கெடும். வளர்ந்த பிள்ளைகள் பார்த்தால், “என்ன கன்றாவி இது” என்று அணைக்காமல், காய் நறுக்கிக்கொண்டாவது பக்கத்தில் உட்காருங்கள். “நீ அந்த இடத்தில் இருந்தா என்னப்பா செய்வே?” என்று கேளுங்கள். நேராகக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகள், கதையில் வருகிறவன் பேரைச் சொல்லித் தன் மனதைச் சொல்லிவிடும். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

கதையில் அரக்கர் வேட்டைக் கூட்டத்தின் தலைவராக ஒருவர் வருகிறார். அரக்கர்களின் தலைவன் பிறந்தது அவருடைய வம்சத்தில்தான். அந்தச் சாபத்தால் அவர் வீட்டு ஆண்கள் முப்பது வயதைத் தாண்டுவதில்லை. அவர் விதியைத் திட்டுவதில்லை, வம்சத்தை மறைப்பதும் இல்லை. தன் கூட்டத்தில் செத்துப்போன ஒவ்வொருவர் பேரையும் மனப்பாடமாக வைத்திருந்து, கல்லறைக்குப் போய்க் கும்பிடுகிறார். முன்னோர் விட்டுப்போன சொத்தில் கடனும் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இந்தத் தீபாவளிக்கும் எங்கள் வாசலில் வாளி நிறையத் தண்ணீர் வைத்தோம். மகனும் மகளும் பருத்தித் துணி உடுத்தி, கையை நனைத்து, தரையைத் தொட்டுவிட்டுத்தான் கம்பி மத்தாப்பைக் கையில் எடுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் என் கணவரும் பேசாமல் குனிந்து தரையைத் தொட்டார்.